சொன்னவர், எழுதியவர்

பழைய குடும்பக் காகிதங்களை ஸ்கேன் செய்து பட்டியல் போடும் வேலையில் நான்கு வருடம் இருந்தேன். பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்துக் காகிதங்கள்: தபால் கார்டு, மணியார்டர் கூப்பன், புரோநோட்டு, கிரயப் பத்திரம். பட்டியலில் 'எழுதியவர்' என்று ஒரு கட்டம் உண்டு. கார்டின் அடியில் யார் பெயர் இருக்கிறதோ அதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

ரங்கூனில் கடைச் சிப்பந்தியாக இருந்து ஊர் திரும்பிய ஒருவரின் தகரப் பெட்டி வந்தபோதுதான் அது தப்பு என்று உறைத்தது. அவருடைய தாயார், அக்கா, தாய்மாமன் மூவரும் ஊரிலிருந்து போட்ட கார்டுகள் அதில் இருந்தன. தபால் கார்டு 1879இல் கால் அணாவுக்கு வந்தது, 1922 வரை அதே விலை. பர்மா 1937 வரை இந்தியாவோடு சேர்ந்தே இருந்ததால் உள்ளூர்க் கார்டே கடல் தாண்டிப் போனது. மூன்று பேர் கார்டிலும் 'ழ'வின் வால் ஒரே மாதிரி நீண்டு அடுத்த வரியைத் தொட்டது. எழுதியது ஒரே கை.

முதலில் எனக்கு அவற்றைப் படிக்கவே வரவில்லை. புள்ளி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, கொடி என்பதும் கோடி என்பதும் ஒன்றுபோலவே இருக்கும். கூட வேலை பார்த்த அக்காதான், "கண்ணால படிக்காதே, வாய்விட்டுப் படி" என்றார். படித்தேன். சட்டென்று ஒரு அம்மா எதிரே உட்கார்ந்து பேசுவது மாதிரி இருந்தது. க்ஷேமம் விசாரிக்கும் முதல் இரண்டு வரி மட்டும் எழுதியவருடையது, எல்லோர் கார்டிலும் அச்சு மாறாமல் வரும். அப்புறம் அம்மாவே பேச ஆரம்பித்துவிடுவார். வட்டி கட்டாதது, மாடு சினையானது, போன மாதப் பணம் வராதது, எல்லாம் ஒரே மூச்சில். ஒரு கார்டின் ஓரத்தில் எழுதியவர் தன் பங்குக்குப் பொடி எழுத்தில் மகனை நலம் விசாரித்திருந்தார்.

1931 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அந்தத் தாயார் மீதித் தொண்ணூறில் ஒருவர். ஆனால் கடிதத்தில் எதை முதலில் சொல்வது, எதை மகன் மனசில் தைக்கும்படி கடைசியில் வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை எழுத்தறிவு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசிப்பும் அப்படித்தான் நடந்தது. தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டிய ஊர்கள் எத்தனையோ. நல்லதங்காள் கதை போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களும், சென்னைக் குஜிலி பஜார் கடைகளிலிருந்து வந்த காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டவை.

பத்திரங்களில் எழுதத் தெரியாதவருக்குக் கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல் போதும், பக்கத்தில் 'இன்னார் கீறல்' என்று இன்னொருவர் எழுதுவார். பின்னாளில் 'கைநாட்டு' என்பது வசவாகவே ஆகிவிட்டது. எத்தனையோ பேரின் நிலத்தையும் கடனையும் சுமந்த அடையாளம் அது. எனக்கு அந்த வசவைக் கேட்டாலே கோபம் வரும்.

'எழுதியவர்' கட்டத்தை இரண்டாக்கச் சொல்லிக் கேட்டேன். மென்பொருளில் இடமில்லை என்றார்கள். திரும்பத் திரும்பக் கேட்டு, ஏழெட்டு மாதம் கழித்து ஒத்துக்கொண்டார்கள். தகரப் பெட்டியை மறுபடி இறக்கி முதல் கார்டிலிருந்து திருத்தினேன். சொன்னவர்: தாயார். எழுதியவர்: பெயர் இல்லை, 'ழ'வின் வால் நீளம்.