தரகர் யாருடைய ஆள்? கலிபோர்னியா உரிமத் தேர்வுக்கு மதுரையில் படித்தது

கலிபோர்னியா மாநிலத்தில் இன்னொருவருக்காக வீடு, மனை பேசி முடித்துக் கமிஷன் வாங்க வேண்டுமென்றால், அந்த மாநிலத்தின் ரியல் எஸ்டேட் துறை நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும். திருமணமாகிச் சாக்ரமெண்டோவில் வசிக்கும் என் அக்கா மகள், அக்காவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக எல்லிஸ் நகர் வீட்டில் வந்து தங்கியிருந்த மாதங்களில் இந்தத் தேர்வுக்குப் படித்தாள். நான் மதுரையில் ஆவண எழுத்தராகத் தொழில் செய்கிறவன். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றோடுதான் என் பொழுது போகிறது என்பதால், மாலை வேளைகளில் அவள் வாசிக்க, நான் உடன் இருந்து கேட்பது வழக்கமாயிற்று. அப்படிக் கேட்டதில் எனக்குத் தெளிவான சிலவற்றை, இதே தேர்வுக்குப் படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

தரகரின் கீழ் பணிபுரிவோருக்கான விற்பனையாளர் உரிமத் தேர்வில் 150 கேள்விகள், 3 மணி நேரம். நூற்றுக்கு 70, அதாவது 105 விடைகள் சரியாக இருந்தால் தேர்ச்சி. தேர்வுக்கு முன்பாக, தலா 45 மணி நேரம் கொண்ட மூன்று பாடங்களை முடித்திருக்க வேண்டும்: ரியல் எஸ்டேட் கோட்பாடுகள், ரியல் எஸ்டேட் நடைமுறை, இவற்றோடு நாமே தேர்ந்துகொள்ளும் ஒரு விருப்பப் பாடம். கேள்விகளின் பங்கீட்டைத் துறையே வெளியிட்டிருக்கிறது. தொழில் நடைமுறைக்கும் வெளிப்படுத்தல் கடமைகளுக்கும் 25 சதவீதம், முகவர் சட்டத்துக்கும் நம்பிக்கைக் கடமைக்கும் (நம்பி ஒப்படைத்தவரின் நலனுக்கு உண்மையாக இருப்பது) 17 சதவீதம். நிதியுதவி என்ற பகுதிக்கு 9 சதவீதமே. ஆனாலும் நம்மவர்கள் புத்தகத்தைத் திறந்ததும் கடன், வட்டி, கணக்கு என்று நன்றாக வரும் பக்கத்திலேயே நாள்களைச் செலவிட்டுவிட்டு, தொழில் நடைமுறையைக் கடைசி வாரத்தில் மேலோட்டமாகப் புரட்டுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நடைமுறையும் முகவர் சட்டமும் சேர்ந்து 42 சதவீதம் வருகின்றன. அந்தக் கேள்விகள் அனைத்தையும் கூர்ந்து பார்த்தால், இந்த இடத்தில் தரகர் யாருடைய ஆள், அவருக்கு இவர் எதைச் சொல்லியாக வேண்டும் என்பதைத்தான் அவை வெவ்வேறு சூழலில் வைத்துக் கேட்கின்றன.

நிலக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பது மதுரைப் பக்கம் மனை வாங்கிய எவருக்கும் மனப்பாடம். நூறால் பெருக்கினால் ஏக்கருக்கு 43,560 சதுர அடி வந்துவிடும். 640 ஏக்கர் ஒரு செக்‌ஷன், 36 செக்‌ஷன் ஒரு டவுன்ஷிப் என்ற அமெரிக்க நில அளவுகளை மட்டும் புதிதாகப் படித்துக்கொண்டால் போதும்.

எங்களை நீண்ட நேரம் பிடித்து வைத்தது, வீட்டை விற்றுத் தரும்படி உரிமையாளர் தரகரிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தங்களைப் பற்றிய அத்தியாயம். அதில் நெட் லிஸ்டிங் என்று ஒரு வகை வருகிறது. உரிமையாளர் தன் கைக்கு வர வேண்டிய தொகையைச் சொல்லிவிடுகிறார். அதற்கு மேல் விலை போனால் மிச்சமெல்லாம் தரகருக்கு. அவள் அந்தப் பத்தியை வாசித்து நிறுத்தி, "மாமா, நம்ம ஊர்ல எல்லாரும் இப்படித்தானே வாங்கிக் கொடுக்கிறாங்க?" என்று கேட்டாள். உண்மைதான். "என் கைக்குச் சென்டுக்கு இவ்வளவு வந்துடணும், மேல வர்றதை நீ எடுத்துக்க" என்ற பேச்சை ஒத்தக்கடையிலும் திருமங்கலத்திலும் அன்றாடம் கேட்கலாம். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நிற்கும் அந்த வித்தியாசத் தொகை எவ்வளவு என்பது பத்திரப் பதிவு நாள் வரையிலும், சில வேளைகளில் அதற்குப் பிறகும், இருவருக்கும் தெரிவதில்லை.

கலிபோர்னியாவில் இந்த வகை ஒப்பந்தம் தடை செய்யப்படவில்லை என்பதைக் கவனமாக நினைவில் வைக்க வேண்டும். சட்டவிரோதம் என்று குறித்துவிட்டுப் பலர் மதிப்பெண்ணை இழக்கும் இடம் இது. விற்பவர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதற்கு முன்போ, கட்டுப்படும் அந்த நேரத்திலோ, தனக்குக் கிடைக்கப்போகும் தொகை முழுவதையும் தரகர் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதே அங்குள்ள நிபந்தனை. சொல்லாமல் வாங்கினால் அது ரகசிய இலாபம். உரிமத்தைப் பறிக்கப் போதுமான குற்றம். அதே தொகை, அதே விலை, அதே வீடு. விற்பவருக்குத் தெரிந்திருந்ததா என்பது ஒன்றுதான் சரியையும் தவறையும் பிரிக்கிறது. இந்த ஒரு கேள்வியின் உள்ளே புகுந்து பார்த்துவிட்டால் முகவர் சட்டத்தின் பாதி விளங்கிவிடும்.

இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். மதுரையில் அது மரபு; யாரும் தவறாக நினைப்பதில்லை. கலிபோர்னியாவில் ஒருவரே இரு தரப்புக்கும் முகவராக இருக்கலாம், ஆனால் இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், இருவரும் சம்மதித்திருக்க வேண்டும். அந்தச் சம்மதத்துக்குப் பிறகும், கேட்கும் விலையைவிடக் குறைவாகக் கொடுத்தால் விற்பவர் ஒப்புக்கொள்வார் என்ற செய்தியை அவருடைய அனுமதி இல்லாமல் வாங்குபவரிடம் சொல்லக் கூடாது. வாங்குபவர் இன்னும் கூட்டிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்பதை விற்பவரிடமும் அப்படியே சொல்லக் கூடாது. நம் ஊரில் திறமையான தரகர் என்று பெயர் எடுத்தவர்கள் அந்தப் பெயரை எடுத்ததே, இங்கும் அங்கும் நடந்து இந்த இரண்டு இரகசியங்களையும் இரு பக்கமும் பக்குவமாகக் கசியவிட்டு விலையை ஒரு புள்ளிக்குக் கொண்டு வந்ததால்தான். எனவே நம் அனுபவத்தை வைத்து விடை எழுதினால் இந்தப் பகுதியில் தவறாகப் போகும். இங்கே நாம் கெட்டிக்காரத்தனம் என்று மதிப்பது அங்கே கடமை மீறல்.

வெளிப்படுத்தல் பகுதிக்கு வேராக இருப்பது 1984-இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஈஸ்டன் வழக்கில் அளித்த தீர்ப்பு. டயப்லோ என்ற ஊரில், மண் கொட்டிச் சரியாக இறுக்காமல் நிரவிய நிலத்தின் மேல் கட்டிய வீட்டை ஒரு பெண்மணி 1976-இல் வாங்கினார். பின்னர் மண் சரிந்து வீடு பெரும் சேதமடைந்தது. முன்பே சரிவு ஏற்பட்டிருந்ததை விற்றவர்கள் தரகர்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் தரகர்களின் கண்ணில் அடையாளங்கள் பட்டிருந்தன: சரிவில் வலை விரித்துக் கட்டியிருந்தார்கள், விருந்தினர் வீட்டின் தரை மட்டமாக இல்லை. "எங்களிடம் யாரும் சொல்லவில்லை" என்ற பதிலை நீதிமன்றம் ஏற்கவில்லை. தகுதியுள்ள தரகர் வீட்டைப் போய்க் கவனமாகப் பார்த்து, பார்த்ததில் தெரிய வரும் குறைகளை, தனக்கு முகவர் உறவே இல்லாத வாங்குபவருக்கும் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டே அது சட்டமாகவும் ஆயிற்று. கண்மாய்க் கரையை ஒட்டி மண் அடித்து மேடாக்கிய மனைகளைப் பார்த்துப் பழகிய மதுரைக்காரர்களுக்கு இந்த வழக்கை ஒரு முறை சொன்னால் போதும், மறக்காது.

இதில் எனக்குத் தொழில்முறையில் வியப்பளித்தது ஒன்று உண்டு. அந்தக் கண் பார்வைச் சோதனைக்குள் எட்ட முடியாத இடங்கள் அடங்கா. பொதுப் பதிவேடுகளைப் புரட்டுவதும் அடங்காது. உரிமை மூலத்தை ஆராய்ந்து காப்பீடு தருவதற்குத் தனி நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. இங்கே எங்கள் முழு உழைப்பும் காகிதத்தில்தான்: முப்பது ஆண்டு வில்லங்கம் பார்ப்போம், வாரிசுச் சான்றிதழைக் கேட்போம், புலப்படத்தின் அளவைப் பத்திரத்தோடு ஒப்பிடுவோம். மூலைச் சுவரில் விழுந்த விரிசலைப் பூசி வெள்ளையடித்திருக்கிறார்களா என்று பார்ப்பது எவருடைய கடமையும் இல்லை. அங்கே தரகரின் கண்ணைச் சுவரின் மேல் வைக்கச் சொல்கிறது சட்டம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தும், வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு நம்மிடம் இல்லை என்பது இந்தப் பாடத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டில் நிகழ்ந்த மரணம் பற்றிய கேள்வி தவறாமல் வரும் என்று எல்லாப் பயிற்சித் தாள்களும் காட்டுகின்றன. வாங்க முன்வரும் நாளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் நிகழ்ந்த மரணத்தைச் சொல்லாமல் விட்டதற்காகத் தரகரைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் வாங்குபவர் நேராகக் கேட்டுவிட்டால், எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும் பொய் சொல்லக் கூடாது. இறந்தவருக்கு எய்ட்ஸ் நோய் இருந்ததைத் தாமாகச் சொல்ல வேண்டியதில்லை. துர்மரணம் நடந்த வீடு என்பதை மறைத்துத் தள்ளிவிடுவது எவ்வளவு பெரிய மனக்கசப்பில் முடியும் என்பதைப் பார்த்திருக்கிறேன் என்பதால், மூன்று ஆண்டு என்று ஒரு கோடு கிழித்து வைத்தது எனக்கு நியாயமாகவே படுகிறது.

பாகுபாட்டுத் தடைச் சட்டங்களை ஆண்டு வரிசையில் படிப்பது நல்லது, ஏனென்றால் அதில் ஒரு கதை இருக்கிறது. கலிபோர்னியாவில் 1959-இல் வணிக நிறுவனங்கள் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் அன்ரூ சட்டம், 1963-இல் வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் ரம்ஃபோர்டு சட்டம். அதைச் செல்லாததாக்க 1964-இல் வாக்கெடுப்பு நடந்து, மக்களே பெருவாரியாக ஆதரவளித்த 14-ஆம் முன்மொழிவு. 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த முன்மொழிவைச் செல்லாது என்றது. 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், நாடு முழுமைக்குமான நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. இன்று அந்தச் சட்டம் இனம், நிறம், மதம், பால், பிறப்பு நாடு, குழந்தைகளோடு வாழும் குடும்ப நிலை, உடல் குறைபாடு ஆகிய ஏழின் பெயரால் எவரையும் விலக்கக் கூடாது என்கிறது. வாங்க வருபவரை அவருடைய இனத்தைப் பார்த்து ஒரு பகுதிக்கு நகர்த்திக்கொண்டு போவதும், இன்னார் குடிவருகிறார்கள், விலை விழுந்துவிடும் என்று பயமுறுத்தி விற்க வைப்பதும் தனித்தனிக் குற்றங்கள். இரண்டையும் மாற்றிக் குறிக்காமல் இருக்கப் பழக வேண்டும்.

2024 முதல் நடைமுறைப் பாடத்தில் இதற்கென ஒரு பகுதி கட்டாயமாகியுள்ளது. படிப்பவர் ஒரு முறை வாடிக்கையாளராகவும் ஒரு முறை தரகராகவும் நடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னோட்டமாக வீட்டிலேயே பேசிப் பார்த்தோம். நான் வீட்டு உரிமையாளராக, "நம்ம ஆளுங்களா பாத்துக் கொடும்மா, வேற யாரும் வேண்டாம்" என்றேன். அவள் முதலில் சிரித்துச் சமாளித்தாள். அதற்குள் அக்கா கட்டிலிலிருந்தே, "முடியாதுன்னு சொல்லுடி" என்றார். அதுதான் சரியான விடை. அந்த நிபந்தனையை ஏற்க முடியாது என்று சொல்ல வேண்டும். உரிமையாளர் விடாப்பிடியாக நின்றால் அந்த வீட்டையே கையில் எடுக்கக் கூடாது. அவர் சொன்னார், நான் செய்தேன் என்பது அங்கே தரகருக்குக் காப்பாகாது. மதுரையில் வாடகைக்கு வீடு தேடுபவரிடம் பெயருக்கு அடுத்தபடியாக என்ன கேட்கப்படுகிறது என்பதை அறிந்தவன் என்ற முறையில், இந்தப் பகுதியை அவள் மனப்பாடமாக இல்லாமல் மனதார ஏற்றுப் படிக்க வேண்டும் என்று விரும்பினேன், அப்படித்தான் படித்தாள்.

பிறர் பணத்தைக் கையாளும் விதிகள் சுருக்கமானவை. முன்பணத்தைப் பெற்ற தரகர் மூன்று வேலை நாள்களுக்குள் அதைப் பிறர் பணத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்கிலோ, இரு தரப்பையும் சாராமல் பணத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் எஸ்க்ரோவிலோ சேர்க்க வேண்டும், அல்லது உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் கட்டணத்துக்காக 200 டாலர் வரை மட்டுமே தன் சொந்தப் பணத்தை அந்தக் கணக்கில் வைத்திருக்கலாம். டோக்கன் அட்வான்ஸ் தரகரின் சட்டைப் பையில் தங்கும் நம் பழக்கத்துக்கு அங்கே இடமே இல்லை.

நம் நாட்டில் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ அடுக்கு வீடோ விற்றுத் தரும் முகவர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம். ஆனால் ஒருவர் தன் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது நடுவில் நிற்கும் தரகர் இந்த வலைக்குள் வருவதில்லை; மதுரையில் பெரும்பான்மையான பேரங்கள் அந்த வகைதான். மகாராஷ்டிரத்தில் 2023-இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கினார்கள். தமிழ்நாட்டிலும் அது வர வேண்டும், பாடத்தின் முதல் அத்தியாயமாக முகவர் கடமை இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தேர்வு மையங்கள் சாக்ரமெண்டோ, ஓக்லண்ட், பிரெஸ்னோ, லா பால்மா, சான் டியேகோ ஆகிய ஊர்களில் இருக்கின்றன. அவள் திரும்பிப் போய்த்தான் எழுத வேண்டும். நிதியுதவிப் பகுதியை விமானத்தில் படித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். உறவினரிடமிருந்து பழைய புத்தகத்தை வாங்கிப் படிப்பவர்கள் பதிப்பு ஆண்டை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவருக்கும் அவருடைய தரகருக்கும் இடையே எழுத்து மூலமான ஒப்பந்தம் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம். தனி நபர் வாங்கும்போது அது மூன்று மாதத்துக்கு மேல் நீளக் கூடாது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இந்த மாற்றம் இருக்காது.