பாதியில் விட்ட பாடமும் மேற்படிப்பும்

கடலூரிலிருந்து அமெரிக்கா போய் இளங்கலை படிப்பவர்களின் வீட்டில், மார்க் ஷீட்டில் 'டபிள்யூ' (W, பாடத்தைப் பாதியில் விட்டதற்கான குறி) என்றதும் அரியர் விழுந்ததுபோல் பதறுகிறார்கள். அது தோல்வி இல்லை.

செமஸ்டர் தொடக்கத்தில் பாடங்களைச் சேர்க்கவும் விடவும் தரும் ஆட்-டிராப் கெடுவுக்குள் விலகினால் பொதுவாகத் தடமே இருக்காது. அதன்பின் விலகினால் டபிள்யூ விழும், ஆனால் ஜி.பி.ஏ. என்கிற மதிப்பெண் சராசரியில் சேராது. தோல்விக்கான 'எஃப்' சேரும், சராசரியைக் கீழே இழுக்கும். ஒற்றை டபிள்யூவை மேற்படிப்புத் தேர்வுக் குழு பெரிதாக எடுக்காது. செமஸ்டருக்கு ஒன்று என்றாலோ, கணித பிஎச்.டி. கேட்பவர் அதற்கு அடிப்படைப் பாடமான ரியல் அனாலிசிஸை விட்டிருந்தாலோ கேள்வி வரும். அதே பாடத்தை மறுபடி எடுத்து 'ஏ' வாங்குவதுதான் நல்ல பதில். விளக்கம் எழுதினால் இரண்டு வரி போதும், புலம்பல் வேண்டாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது விசாவுக்கு. எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இளங்கலை படிப்பவர் பொதுவாக ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் கீழே போகக் கூடாது. போகவேண்டி வந்தால், விலகும் முன்பே டி.எஸ்.ஓ.விடம் (வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரி) அனுமதி வாங்குங்கள். விலகிவிட்டுப் போய்ச் சொன்னால் ஸ்டேட்டஸுக்கே சிக்கல்.