பாக் மா: பச்சை குறையாத காட்டில் காணாமல் போனவை

மத்திய வியட்நாமின் ஹுவே நகருக்குத் தெற்கே கடலோரத்திலிருந்தே எழும்பி நிற்கிறது பாக் மா மலை. 1930-களில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கட்டிய கோடை மாளிகைகள் பல இடிந்து, காடு அவற்றை மூடிவிட்டது. 1991-இல் தேசியப் பூங்கா ஆனது. நாட்டிலேயே மழை மிக அதிகம் கொட்டும் இடங்களில் ஒன்று. பாசி ஏறாத மரமே இல்லை. இந்தச் செழிப்பைப் பார்த்தால் விலங்குகளுக்கு என்ன குறை என்றுதான் தோன்றும்.

உடன் வந்த வனக் காவலர் பாதையிலிருந்து சற்று விலகி ஒரு மரத்தைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் வார் போட்டுக் கட்டிய கேமரா. கேளையாடு, முள்ளம்பன்றி எல்லாம் குள்ளம், அதனால்தான் அந்த உயரம். சூடான உடல் எதிரே அசைந்தால் தானாகப் படம் எடுக்கும். வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடினாலும் எடுத்துத் தள்ளி மெமரி கார்டை நிரப்பிவிடும் என்பதால், முன்னால் இருந்த செடிகளை வெட்டியிருந்தார்கள். மூடிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சிலிகா ஜெல் பொட்டலம்.

ஒரு படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எத்தனை இடங்களில் கேமரா வைத்தோம், அதில் எத்தனை இடங்களில் அந்த விலங்கு வந்தது என்பதுதான் கணக்கு. விலங்கு அங்கே இருந்தும் கேமராவில் சிக்காமல் போகும் வாய்ப்பையும் அதில் சேர்க்கிறார்கள். இப்படித்தான் பாக் மா உள்ளிட்ட, வியட்நாம்-லாவோஸ் எல்லை மலைத்தொடரான அன்னமைட்டின் காடுகளையும், மரம் வெட்டிச் சிதைந்த மலேசியாவின் சபா காடுகளையும் ஒப்பிட்டு 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. வெட்டுப்பட்ட சபாவில் விலங்குகள் தப்பியிருக்கின்றன. மரங்கள் நன்றாகவே நிற்கும் அன்னமைட்டில்தான் இழப்பு கடுமை. செயற்கைக்கோள் படத்தில் இது தெரியவே தெரியாது.

காரணம் சுருக்குக் கண்ணி. சைக்கிள் பிரேக் கம்பி, வளைத்துக் கட்டிய ஓர் இளமரம், அவ்வளவுதான். செடி கொடிகளை வெட்டித் தாழ்வான வேலி போட்டு, இடைவெளிதோறும் ஒன்று வைப்பார்கள். எந்த விலங்கு என்று அது பார்ப்பதில்லை. அக்கம்பக்கத்து ஹுவே, குவாங் நாம் சாவோலா (நீண்ட கொம்புள்ள, மான் போலத் தோன்றும் மாட்டினக் காட்டு விலங்கு) காப்பகங்களில் மட்டும் 2011 முதல் 2019 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகளை அகற்றியிருக்கிறார்கள். காவலர்கள் எடுக்க எடுக்க மறுபடி முளைக்கின்றன.

சாவோலா 1992-இல்தான் உலகுக்குத் தெரிந்தது, அதுவும் வேட்டைக்காரர் வீடுகளில் மாட்டியிருந்த கொம்புகளால். 2013 செப்டம்பரில் குவாங் நாமில் ஒரு கேமராவில் பதிவானது. அதன்பிறகு உறுதியான பதிவு எங்கும் இல்லை. எனக்கு இதைத் தாங்கவே முடியவில்லை.

கண்ணி வைப்பவரை மட்டும் பிடித்துப் பயனில்லை. காட்டு இறைச்சியைப் பெருமைக்காகச் சாப்பிடும் நகரத்து மேசைகள்தான் அவரைக் காட்டுக்கு அனுப்புகின்றன. வியட்நாம் போகிறவர்கள் உணவகத்தில் யாராவது காட்டுப் பன்றி, மான் என்று ஆசை காட்டினால், பண்ணையில் வளர்த்தது என்று சொன்னாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.