விளக்குவதிலும் எத்தனை வகை!

எந்தத் தமிழ் வினாத்தாளை எடுத்தாலும் ‘விளக்குக’, ‘விவரிக்க’, ‘தொகுத்து எழுதுக’, ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்று கேள்விகள் விதவிதமாக முடியும். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள், ஒரு வரி விடையையே நாலு விதமாகத் திருப்பிச் சொல்லிப் பக்கத்தை நிரப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவை வேறு வேறு வேலைகள் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நம் பழைய ஆட்கள் இதில் ரொம்பக் கறார். சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொன்னால் பதவுரை, மொத்தப் பொருளைத் திரட்டித் தந்தால் பொழிப்புரை. 13-ஆம் நூற்றாண்டு நன்னூல் இன்னும் மேலே போய் உரைக்கு 14 உறுப்புகள் சொல்கிறது. கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை இந்த ஐந்தும் இருந்தால் அது காண்டிகையுரை. அந்த ஐந்தோடு, நூற்பாவில் நேரடியாக இல்லாவிட்டாலும் அந்த இடத்துக்கு அவசியமானதையெல்லாம் தன் சொல்லாலும் பிற நூல்களைக் கொண்டும் சந்தேகம் தீரச் சொன்னால்தான் விருத்தியுரை. வெறுமனே நீளமாக எழுதினால் விருத்தி ஆகாது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

‘கற்க கசடற’ குறளுக்குப் பரிமேலழகர் எழுதியதைப் பாருங்கள். முதலில் நேர்ப்பொருள், படிக்க வேண்டிய நூல்களைப் பழுதில்லாமல் படி, படித்தால் அதன்படி நில், அவ்வளவுதான். அப்புறம் ‘கற்பவை’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். ஏன் ‘கற்பவை’? அறம், பொருள், இன்பம், வீடு இவற்றைச் சொல்லாத நூல்கள் ‘சின்னாள் பல்பிணிச் சிற்றறிவினர்க்கு’ ஆகாது என்கிறார். ஆயுள் கொஞ்சம், நோய் நிறைய, அறிவோ சிறிது, கண்டதையும் படிக்க நமக்கு நேரம் ஏது? அடுத்து ‘கசடற’ என்றால் எப்படி என்று போய், தப்பாகப் புரிந்துகொண்டதையும் சந்தேகத்தையும் நீக்கி, நல்லவர்கள் பலரோடு சேர்ந்து பலமுறை பயில்வது என்கிறார். ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது.

பேச்சிலும் நமக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ‘விலாவாரியாகச் சொல்லு’ என்றால் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும், ‘அக்குவேறு ஆணிவேறாக’ என்றால் பிரித்துக் காட்ட வேண்டும், ‘நீட்டி முழக்காதே’ என்றால் நிறுத்திவிட வேண்டும். வினாத்தாள் எழுதும் ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், ‘விளக்குக’ என்று போடுமுன் உங்களுக்குக் காரணம் வேண்டுமா, உதாரணம் வேண்டுமா, நடந்தது வரிசையாக வேண்டுமா என்று முடிவு செய்து, அதையே கேள்வியில் எழுதிவிடுங்கள்.