ஓரியூர் மண்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால், பழைய குட்டிகூரா பவுடர் டப்பா ஒன்று உண்டு. உள்ளே செம்மண். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இல்லை. அப்பத்தாவுக்கு ஏழு வருஷம் பிள்ளை தங்காமல், ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவர் அப்பா. அப்பா பெயரில் பாதி அந்த அருளானந்தருடையது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த மண்ணைக் குழைத்து நெற்றியில் ஒரு கீற்று, அப்புறம்தான் மாத்திரை.

போன மாதம் தங்கை மகனுக்கு அங்கே மொட்டை. தேவகோட்டையில் வேன் பிடித்து, திருவாடானை தாண்டினால் இரு பக்கமும் சீமைக்கருவேலம்தான். புதன்கிழமை என்பதால் நல்ல கூட்டம். அருளானந்தர் தலையை வெட்டிய 1693 பிப்ரவரி 4 ஒரு புதன்கிழமை, அதுவும் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன்.

அருளானந்தர் என்பது ஜான் டி பிரிட்டோதான். லிஸ்பனில் பிறந்து, இங்கே வந்து காவி கட்டிப் பண்டாரசாமியாகத் திரிந்தவர். வினை வந்தது தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் வழியாக. ஞானஸ்நானம் பெற்ற தேவர் ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதிக்கு உறவு. அப்புறம் கேட்க வேண்டுமா?

கோயிலைச் சுற்றிக் கிடா வெட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும்தான். கறியே தொடாத சாமியாருக்குக் கிடா வெட்டுகிறோமே என்று மாமாவிடம் கேட்டேன். "அவரா சாப்பிடப் போறாரு? நீ இலையப் போடு" என்றார்.

சாப்பிட்டுவிட்டு மண் எடுக்கப் போனேன். அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. இருந்தும் செருப்பை மறக்காமல் தள்ளிக் கழற்றினேன். டப்பாவின் அடியில் அப்பத்தா அள்ளிய மண் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைக் கொட்ட மனசு வரவில்லை. மேலேயே புதுசைப் போட்டேன்.

நிமிர்ந்தால், மொட்டைத் தலையும் சந்தனமுமாக மருமகன் ஒரு பிடி மண்ணை வாயில் அடைத்துக்கொண்டிருக்கிறான். தங்கை பதறி ஓடி வந்து வாய்க்குள் விரலை விட்டாள்.

அம்மா அசையவில்லை. "விடுடி. உங்க அப்பத்தா இருந்தா கரண்டியாலயே ஊட்டிருப்பாங்க."