ஜோனா ஹெக்ஸ்: பிணத்துக்குக் கூலி வாங்கும் நாயகன்

வெஸ்டர்ன் சித்திரக்கதைகளில் ஷெரிப்புக்குச் சட்டையில் ஒரு நட்சத்திரமும், குதிரைப்படை வீரனுக்கு ஒரு சீருடையும் இருக்கின்றன. அவர்கள் சுட்டால் அது கடமை என்றாகிவிடுகிறது. வெகுமதி வேட்டையனிடம் இருப்பதோ நான்காக மடித்த ஒரு சுவரொட்டி மட்டுமே. அதில் அச்சாகியிருக்கும் ஆளை உயிருடனோ பிணமாகவோ கொண்டுவந்து ஒப்படைத்தால் பணம், இல்லையென்றால் அன்று பட்டினி. இந்தக் கூலி வாழ்க்கையின் அழுக்கைக் கழுவித் துடைக்காமல் அப்படியே காட்டிய சித்திரக்கதை என்று நான் முதலில் சுட்டுவது அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் பதிப்பகம் வெளியிட்ட ஜோனா ஹெக்ஸைத்தான்.

1972-இல் 'ஆல் ஸ்டார் வெஸ்டர்ன்' பத்தாம் இதழில் ஹெக்ஸ் அறிமுகமானார். கதை ஜான் அல்பானோ. சித்திரங்கள் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த டோனி டிசூனிகா. அமெரிக்க காமிக்ஸ் பதிப்பகங்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்டிருந்த தணிக்கை விதிகள் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஓரளவு தளர்த்தப்பட்டிருந்தன. அந்தத் தளர்வு கிடைத்தவுடன் இப்படி ஒரு முகத்தை அட்டையில் போடத் துணிந்தார்களே என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. வலக் கண் இமையற்றதுபோல் பிதுங்கி நிற்கும். வலப்பக்க வாயோரத்தில் மேலுதட்டையும் கீழுதட்டையும் இணைத்தபடி ஒரு தோல் கீற்று தொங்கும். அவர் பேசும்போதும், சுருட்டுப் பிடிக்கும்போதும், எப்போதாவது சிரிக்க முயலும்போதும் அந்தக் கீற்று இழுபடுவதை டிசூனிகா ஒரு கட்டத்திலும் மறப்பதில்லை.

அந்தத் தழும்பின் கதை பிற்பாடு மெல்ல மெல்லச் சொல்லப்படுகிறது. குடிகாரத் தகப்பன், விலங்குத் தோல்களுக்கு ஈடாகப் பதின்மூன்று வயது மகனை அப்பாச்சி என்னும் பழங்குடியினரிடம் விற்றுவிட்டுப் போகிறான். அங்கே வளர்ந்தவன், பிற்பாடு ஒரு கோடரிச் சண்டையில் எதிராளி முன்னரே பழுதாக்கி வைத்த கோடரி கையிலேயே உடைந்துபோக, உயிர் பிழைக்கக் கத்தியை உருவுகிறான். அது விதிமீறல் என்பதால் பழுக்கக் காய்ச்சிய கோடரியை முகத்தில் வைத்து அழுத்தித் தண்டிக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலப் படையில் இருந்தவர், அடிமை முறைக்காக இனிச் சண்டையிட மாட்டேன் என்று வட மாநிலப் படையிடம் சரணடைகிறார். ஆனால் தோழர்களைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறார். குதிரையின் குளம்பில் ஒட்டியிருந்த செம்மண்ணை வைத்தே எதிரிகள் முகாமைக் கண்டுபிடித்துவிட, துரோகிப் பட்டம் இவர் தலையில் விழுகிறது. பிறகும் தென் மாநிலப் படையின் சாம்பல் நிறச் சீருடைக் கோட்டைக் கழற்றாமலே திரிகிறார். தெற்கு அவரைத் துரோகி என்கிறது, வடக்கு அந்தக் கோட்டைப் பார்த்துக் காறி உமிழ்கிறது. ஆட்களைப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்குவதைத் தவிர அப்படிப்பட்டவனுக்கு வேறு எந்த வேலை கிடைத்துவிடும்?

இந்தத் தொழிலை ஊர் எப்படிப் பார்த்தது என்பதற்கு உண்மை வரலாற்றிலேயே சான்று உண்டு. 1881-இல் மிசௌரி மாநில ஆளுநர் தாமஸ் கிரிட்டெண்டன், ரயில் நிறுவனங்களின் பணத்தைக் கொண்டு, கொள்ளையன் ஜெஸ்ஸி ஜேம்ஸையும் அவன் அண்ணன் பிராங்கையும் பிடித்துத் தருவோருக்குத் தலைக்கு 5,000 டாலர் அறிவித்தார். மறு ஆண்டு ஏப்ரல் 3 அன்று, ஜெஸ்ஸியின் கும்பலில் இருந்த ராபர்ட் ஃபோர்ட் அவனைப் பின்னாலிருந்து சுட்டான். ஃபோர்டுக்குத் தூக்குத் தண்டனையும் ஆளுநரின் மன்னிப்பும் ஒரே நாளில் கிடைத்தன. அறிவித்த தொகையில் ஒரு பகுதிதான் கைக்கு வந்தது. கோழை என்ற பெயர் மட்டும் குறையில்லாமல் ஒட்டிக்கொண்டது. கொன்று தரச் சொல்கிறவர்களே கொன்றவனை அருவருக்கும் இந்த இரட்டை வேடம்தான் ஹெக்ஸ் கதைகளின் அடிநாதம். பிணத்தைக் குதிரையில் கிடத்திக்கொண்டு அவர் ஊருக்குள் நுழையும்போது தாய்மார்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள்.

இதன் உச்சம் 1978-இல் மைக்கேல் ஃபிளைஷர் எழுதி ரஸ் ஹீத் வரைந்த, ஹெக்ஸின் மரணக் கதை. ஆண்டு 1904, நாயகனுக்கு வயது அறுபத்தாறு, பார்வை மங்கிவிட்டது. வயோமிங்கின் ஷயான் நகரச் சாராயக் கடையில் சீட்டாட உட்கார்ந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் நொடியில், பழைய பகையாளி ஒருவன் இரட்டைக்குழல் துப்பாக்கியால் சுட்டுச் சாய்க்கிறான். நேருக்கு நேர் சண்டை, கடைசி வசனம் எதுவும் கிடையாது. அதோடு விட்டிருந்தாலே போதும், ஃபிளைஷர் விடவில்லை. ஒரு கேளிக்கைக் கம்பெனிக்காரன் உடலைத் திருடி, உள்ளே பஞ்சடைத்து, பகட்டான கௌபாய் உடை மாட்டிக் காட்சிப்பொருளாக்கி விடுகிறான். வாழ்நாளெல்லாம் பிணங்களைப் பணமாக்கியவரின் பிணத்தை வைத்து இன்னொருவன் காசு பார்க்கிறான். இது மிகை என்று நினைப்பவர்கள் எல்மர் மெக்கர்டியை நினைத்துப் பார்க்கலாம். 1911-இல் ஓக்லஹோமாவில் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த ரயில் கொள்ளையனின் பதப்படுத்தப்பட்ட உடல் கண்காட்சிகளில் கைமாறிக் கைமாறி, கடைசியில் கலிபோர்னியாவின் லாங் பீச் கேளிக்கைப் பூங்காவில் பொம்மையாகத் தொங்கியது. 1976-இல் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் குழுவினர் அதை நகர்த்தியபோது உடைந்த பாகத்தில் எலும்பு தெரிந்த பிறகுதான் அது மனித உடல் என்பது தெரியவந்தது.

இந்தக் கூலிக்காரன் தன்மையைக் கைவிட்டபோதெல்லாம் தொடர் தடுமாறியிருக்கிறது. 1985-இல் ஹெக்ஸை அணுப்போருக்குப் பிந்தைய எதிர்காலத்துக்குத் தூக்கிப் போட்டார்கள்; பதினெட்டு இதழ்களில் கடை மூடப்பட்டது. 2010-இல் வந்த திரைப்படம் அவருக்குப் பிணங்களோடு பேசும் மந்திர சக்தியைக் கொடுத்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. அமானுஷ்யம் கலந்தாலும் தொண்ணூறுகளில் ஜோ லான்ஸ்டேல் எழுதிய குறுந்தொடர்கள் தேறிவிடுகின்றன, ஏனெனில் அவற்றில் ஹெக்ஸின் நாக்கில் அந்தக் கசப்பு அப்படியே இருக்கிறது.

புதிதாகப் படிக்க விரும்புவோருக்கு, ஜிம்மி பால்மியோட்டியும் ஜஸ்டின் கிரேயும் எழுதி 2006 முதல் 2011 வரை எழுபது இதழ்கள் வந்த தொடரைப் பரிந்துரைப்பேன். பெரும்பாலும் ஒரே இதழில் முடிந்துவிடும் கதைகள் என்பதால் எங்கிருந்தும் தொடங்கலாம்; ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜோர்டி பெர்னெட்டின் தடித்த மைக்கோடுகள் உள்ள இதழ்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. மேலே சொன்ன மரணக் கதையைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைக்காமல் முதலிலேயே படித்துவிடுவதுதான் மேல். அன்றைய வாசகர்களும் அதைப் படித்த பிறகு, நாயகனின் முடிவு தெரிந்தே, மேலும் ஏழு ஆண்டுகள் அந்தத் தொடரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.