ராயபுரத்தில் கேமராவோடு நடக்கும்போது

வட சென்னை என்றாலே புகையும் லாரியும்தான் என்று நினைப்பவர்களை ஒருமுறையாவது ராயபுரம் ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது, சென்ட்ரல் நிலையமெல்லாம் அப்புறம் வந்தது. அந்த உயரமான தூண்களைப் படம் எடுக்கக் காலை வெயில்தான் சரி. நிழல் நீளமாக விழும், தூணடியில் உரிந்த பூச்சுகூடத் தெளிவாகத் தெரியும்.

அங்கிருந்து காசிமேடு பக்கம். ஐஸ் உருகி ஓடும் தரையில் வஞ்சிரத்தை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம், ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா என்று கேட்டேன். "மீனை எடு கண்ணு, என்னை எதுக்கு?" என்றார். கேட்காமல் யாரையும் எடுக்காதீர்கள், அது அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம்.

பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் மாடிப் பூங்காவைத்தான் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் முற்றுகை, பிறகு 1769-ல் நகரத்தின் வாசல் வரை வந்த ஹைதர் அலி, இந்தப் பயத்தில் ஆங்கிலேயர், கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கட்டிய மதிலில் மிச்சமிருப்பது அது. அதன் செங்கலைக் கிட்டப்போய் எடுங்கள், முழு மதிலையும் எடுக்க முயன்றால் கேபிளும் பைக்கும்தான் விழும்.

ராயபுரத்திலேயே 1910-ல் கட்டிய பார்சி நெருப்புக் கோயிலும் உண்டு. மற்றவர்களுக்கு உள்ளே அனுமதியில்லை, தெருவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.